மோரியர் வீட்டு வெளிக்கதை

கெம்பம்மாவின் கைக்கு ஐம்பது சென்டிமீட்டர் தெரியும். ரோஜாக் காம்பை எடுத்ததுமே அது நாற்பதா, ஐம்பதா, அறுபதா என்று விரல்கள் சொல்லிவிடும். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூ வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாகப் பூத் தரம் பிரிக்கிறாள். மேசை விளிம்பில் அளவுக்கோடு போட்ட தகடு பதித்திருக்கிறது. புதிதாக வந்த பெண்கள் ஒவ்வொரு காம்பையும் அதில் வைத்துப் பார்ப்பார்கள். கெம்பம்மா வைப்பதில்லை. ஆனால் இருபது பூவைக் கட்டி முடித்ததும் கட்டை ஒருமுறை தகட்டில் வைத்துச் சரிபார்ப்பாள்.

"கையே சொல்லிடுதே, அப்புறம் எதுக்குக்கா தகடு?" என்று யாராவது கேட்டால், "கைக்கு நாந்தான் மொதலாளி. தகட்டுக்கு நான் யாருன்னே தெரியாது" என்பாள்.

ஒரு சொல்லையும் அவள் இப்படித்தான் எட்டு வருடமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மோரியர் என்ற சொல்.

அவளுடைய ஊரில் ஒரு ஏரி, ஏரிக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. கரட்டின் உச்சியில் மூன்று கல்வீடுகள். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லால் மூடியிருக்கும். கிழக்குப் பலகையில் மட்டும் வட்டமாக ஒரு துளை, ஒரு கை தாராளமாக நுழையும் அளவு. வீடு என்று பெயரே தவிர இடுப்பு உயரம்தான். பெரியவர்கள் உள்ளே நிமிர முடியாது. அவற்றை ஊரில் மோரியர் வீடு என்பார்கள். மோரியர் யார் என்று வெளியாட்கள் கேட்டால் கெம்பம்மாவின் தெருவில் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆட்டுப்பட்டி. எங்க தாத்தன் கட்டுனது."

எட்டு வருடம் முன்பு, கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஆனேக்கல் பக்கத்துப் பெண் சுமலதா ஜன்னல் வழியே கரட்டைக் காட்டிச் சொன்னாள்.

"எங்க ஊரு பெட்டத்துலயும் இதே மாதிரி கல்லு மனெ இருக்குது. மோரியர மனெ அந்தாரெ."

பெட்டம் என்றால் குன்று, மனெ என்றால் வீடு என்பது கெம்பம்மாவுக்குத் தெரியும். திடுக்கிட்டுப்போனாள். தன் ஊருக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த சொல் கன்னடம் பேசும் வாயிலிருந்து வந்தது.

"மோரியருன்னா யாருடி?"

"மூணு மொழம் உசரம் இருப்பாங்களாம்."

பின்சீட்டிலிருந்து ஜோதிமணி தலையை நீட்டினாள். அவள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். "எங்க பக்கம் குள்ளர் ஊடும்பாங்க. கத்திரிச் செடிக்கு ஏணி வச்சு ஏறித்தான் காய் பறிப்பாங்களாம், அம்மாங் குள்ளம்."

"அப்ப நம்ம சூப்பர்வைசரு அந்த வம்சமா?" என்றாள் சுமலதா. பஸ்ஸே சிரித்தது.

மறுநாள் கெம்பம்மா, ரோஜாக் கட்டைச் சுற்றும் நெளியட்டையில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து, வழவழப்பான பக்கத்தில் சுமலதா சொன்னதை எழுதினாள். சொன்னவர் பெயர், ஊர், தேதி. ஜோதிமணி சொன்னதை இன்னொரு துண்டில். எட்டாவது வரை படித்தவள். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், தப்பு இருக்காது. ஒரு துண்டுக்கு ஒரு ஆள், ஒரு விளக்கம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு கலக்க மாட்டாள்.

அட்டைகள் ஒரு பூப்பெட்டியில் சேர்ந்தன. பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரம்மா ஒருத்தி, பாண்டவர்கள் காட்டில் திரிந்தபோது கட்டிய கோயில்கள், பாண்டவுல குள்ளு என்றாள். கெலமங்கலம் சந்தையில் சொம்பு விற்பவர், மோரி என்றால் சாக்கடைத் துளை, கல்லில் துளை இருப்பதால் மோரியர் வீடு என்றார். கெம்பம்மா அதையும் எழுதினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரட்டில் ஏறிப் போய் மூன்று துளைகளையும் பார்த்துவிட்டு வந்து அதே அட்டையின் கீழே, "துளை மேலே இருக்கிறது. தண்ணீர் போகிற துளை என்றால் கீழே இருக்க வேண்டும்" என்று சேர்த்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வடக்கேயிருந்து வந்த மௌரிய ராஜாக்கள்தான் மோரியர் என்றார்.

"ராஜா எதுக்குங்க சார் இடுப்பளவு ஊடு கட்டுனாரு?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையும் எழுதிவைத்தாள்.

இருபத்திரண்டு அட்டை சேர்ந்தது. அவளுடைய தெருவின் விளக்கம் மட்டும் அவற்றில் இல்லை.

அந்தத் தெருவுக்கு இரண்டு கதை உண்டு. ஒன்று வெளிக்கதை: ஆட்டுப்பட்டி, தாத்தன் கட்டியது, உள்ளே ஒன்றுமில்லை. பழைய கல் என்று தெரிந்தால் கடப்பாரையோடு புதையல் தேடி வருவார்கள். அதற்காக என்றோ யாரோ சொல்லத் தொடங்கிய பொய் அது. இன்னொன்று உள்கதை. தெருவில் யார் வீட்டுப் பானையிலிருந்தாவது சாப்பிட்டவருக்கு மட்டுமே அதைச் சொல்லலாம். தாசில்தார் கேட்டாலும் சரி, சாமியார் கேட்டாலும் சரி, சாப்பிடாதவருக்கு ஆட்டுப்பட்டிதான்.

ஏரிக்குக் கிழக்கே நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கெம்பம்மாவின் தெரு தலைமுறைகளாகக் களையெடுத்ததும் கதிரறுத்ததும் அவர்களுடைய வயலில்தான். இந்தத் தெருவில் வேறொரு கதை இருக்கிறது என்பதும் சாப்பிட்டால்தான் சொல்வார்கள் என்பதும் அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவரும் இந்தத் தெருவில் கை நனைத்ததில்லை. ஆகவே ஒரே ஊரில் இருந்தும் அவர்களுக்குத் தெரிந்தது ஆட்டுப்பட்டி மட்டும்தான்.

மாதேஸ்வரன் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன். கிருஷ்ணப்பனின் இளைய மகன். முப்பது வயது. மைசூரில் வரலாறு படித்துவிட்டு, தொழில் திட்டங்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு பெங்களூரு கம்பெனியில் வேலை பார்த்தான். போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவங்களுமாகக் கெம்பம்மாவின் வாசலில் வந்து நின்றான்.

"ஊர் ஊரா பழைய எடங்களப் பத்தி எழுதறோங்க. கரட்டு மேல இருக்குதே, அது என்னாங்க?"

"ஆட்டுப்பட்டிங்க சார். எங்க தாத்தன் கட்டுனது."

அவன் படிவத்தில் அப்படியே எழுதினான். கையெழுத்துக் கேட்டான். கெம்பம்மா போட்டாள். அந்தத் தெருவில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அந்தப் பொய்யைச் சொல்வதை அங்கே யாரும் பொய் சொல்வதாக நினைத்ததில்லை.

படிவத்தை மடிக்கும்போதுதான் அவன் பூப்பெட்டியைப் பார்த்தான். "இது என்னாங்க?" என்று ஒரு அட்டையை எடுத்தான். பிறகு இன்னொன்று. தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று அட்டைகளைப் பிரித்து அடுக்கினான். ஒன்றைத் திருப்பிக் காட்டி, "இதுல தேதி போடலீங்களே" என்றான். கெம்பம்மாவுக்குக் காது சூடானது. அந்த அட்டைகளை ஒரு ஆள் முழுதாகப் படித்தது அதுவே முதல் தடவை. படித்ததோடு தப்பும் கண்டுபிடித்திருந்தான்.

அவளுடைய கணவன் கங்கப்பன் கல் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்பவன். உள்ளே களி கிண்டிய வாசனை வந்ததும் சாப்பிட உட்கார்ந்தான். கெம்பம்மா வாசலுக்கு வருகிற யாருக்கும் சொல்வதைப் போல, "சாப்புடுங்க சார்" என்றாள். "இல்லீங்க, ஆச்சுங்க" என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் சொன்னாள்.

மாதேஸ்வரன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து கங்கப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கங்கப்பன் வாயில் போட்டதை விழுங்க மறந்தான். கெம்பம்மா ஒரு நொடி கதவைப் பார்த்தாள். பிறகு தட்டை வைத்து, ஒரு களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள்.

"இன்னொரு உருண்ட போடட்டுமா சார்?"

"போடுங்க. சார் வேணாம் கெம்பக்கா. மாதேசுன்னே கூப்புடுங்க."

"உங்கப்பாருக்குத் தெரிஞ்சா?"

"எங்கப்பா காலம் வேற. குழம்பு இன்னும் கொஞ்சம்."

இரண்டாவது உருண்டையின் பாதியில் அவள் உள்கதையைத் தொடங்கினாள்.

"மோரியரு குள்ளமெல்லாம் இல்ல மாதேசு. நம்மள மாதிரிதான் இருந்தாங்க. நெருப்பு மழ பெய்யப் போவுதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஓல எரியும், மரம் எரியும். கல்லுதான் நிக்கும். ஆனா ஊருக்கே ஊடு கட்டற அளவுக்குக் கல்லு பேத்தெடுக்க நாளு இல்ல. கெடச்ச கல்லுல கட்டுனாங்க. அதுல கொழந்தைங்கதான் புடிக்கும். அதனாலதான் இடுப்பளவு. புள்ளைங்கள உள்ள உட்டு மேல மூடிட்டு, பெத்தவங்க வெளிய நின்னுக்கிட்டாங்க."

"அந்த ஓட்டை?"

"கைய உள்ள உட்டு, புள்ள தலையத் தொட்டுக்கிட்டே நிக்கறதுக்கு. இருட்டுல பயந்துக்கும் இல்ல? மழ நின்னப்புறம் புள்ளைங்க வெளிய வந்தாங்க. அவங்க வழிதான் நாங்க. எங்க தெருவுல மோரியன்னா வெளிய நின்னவன்னு அர்த்தம். இப்பவும், புள்ளைக்குச் சோறு போட்டுட்டுத் தான் பட்டினி கெடக்கறவள மோரிச்சின்னுதான் சொல்லுவோம்."

பிறகு அவள் கதையில் இல்லாத ஒன்றையும் சொன்னாள். பல் முளைக்கும் முன் இறந்துபோகும் குழந்தைகளை அந்தத் தெருவில் மோரியர் வீட்டுத் துளைக்கு நேர்கீழே புதைப்பார்கள். கெம்பம்மாவின் முதல் பெண் பதினோரு நாள் இருந்தாள். இருபத்தோரு வருடம் ஆகிறது. நடு வீட்டின் கிழக்கே, கைப்பிடி அகலக் கல் ஒன்றின் கீழே இருக்கிறாள். கரட்டில் ஏறும்போதெல்லாம் கெம்பம்மா துளைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சற்று நேரம் நிற்பாள்.

மாதேஸ்வரனின் விரல்களில் களி காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் எதையும் எழுதவில்லை. எழுதும் கை தட்டில் இருந்தது.

"அந்த ஃபாரத்த நான் கிழிச்சிடறேன் கெம்பக்கா," என்றான்.

"இப்பவே கிழிச்சிடு."

"இதுல நம்பர் போட்டிருக்குது. ஆபீஸ்ல காட்டிட்டுத்தான் கிழிக்கணும். வேற ஃபாரம் கொண்டாந்து சரியா எழுதிக்கறேன்."

அவள் சரி என்றாள். ஒவ்வொரு பூக்கட்டையும் தகட்டில் வைத்துப் பார்ப்பவள், அந்தத் தாளைப் பற்றி அப்புறம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தன் வீட்டில் சாப்பிட்டவனிடம் கேட்பது அவனைச் சந்தேகப்படுவது போல இருக்கும் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தான். போனில் பேசினான். எங்கோ ஓர் ஊரில் இந்தக் கல்வீடுகளைப் பேய் வீடு என்கிறார்கள் என்று சொன்னான். அவள் அதை அவன் பெயர் போட்டு இருபத்து மூன்றாவது அட்டையாக எழுதினாள். பஸ்ஸில் ஜோதிமணி கிண்டல் செய்தாள்: "நம்மள மாதிரி ஆளுங்க போன் பண்ணா எடுக்கறதில்ல. மோரியரு ஆபீசரு பண்ணா மொத ரிங்குலயே எடுத்துடறாங்கப்பா."

ஜூலையில் கங்கப்பன் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "நம்ம கரட்டுல கிரானைட் எடுக்கப் போறாங்களாம். கலர் நல்லா இருக்குதாம். எங்க மொதலாளியே சொன்னாரு."

பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. குவாரித் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அறிக்கையின் நகல் உள்ளே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. கெம்பம்மா ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில், குவாரிக்குப் பாதை விட நிலம் கொடுக்கச் சம்மதித்தவர் என்று கிருஷ்ணப்பனின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. நாற்பத்தோராம் பக்கத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

"திட்டப் பகுதியில் தொன்மைச் சின்னங்கள் ஏதும் இல்லை. கரட்டின் உச்சியிலுள்ள மூன்று கல் அமைப்புகள் ஆடு அடைப்பதற்காக அண்மைக் காலத்தில் கட்டப்பட்டவை எனக் கிராமவாசி திருமதி கெம்பம்மா எழுத்துமூலம் தெரிவித்துள்ளார். இணைப்பு ஏழு காண்க."

இணைப்பு ஏழில் அந்தப் படிவம். மடித்த இடத்தில் கோடு விழுந்திருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. அதற்குக் கீழே, தகவல் சேகரித்தவர்: மாதேஸ்வரன். தேதியைப் பார்த்தாள். அவன் களி தின்ற தேதி.

வெளியே வந்து போன் செய்தாள். எடுக்கவில்லை. நான்காவது தடவைக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. "கூட்டத்துல பேசிக்கலாம் அக்கா."

கூட்டம் கெலமங்கலம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் மூன்று பேர்; ஒரு ஓரத்தில் வீடியோ எடுப்பவர். முன்வரிசையில் கிருஷ்ணப்பனும் ஏரிக்குக் கிழக்கே உள்ள குடும்பங்களும். பின்னால், சுவரோரமாகக் கெம்பம்மாவின் தெரு. கம்பெனி ஆட்களுக்குப் பக்கத்தில் மடியில் கோப்புகளோடு மாதேஸ்வரன்.

அவளுடைய முறை வந்தபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கறது நான் சொன்னதுதான். ஆனா அது நெசமில்ல. வெளியாளுங்களுக்கு நாங்க சொல்ற கத."

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "கையெழுத்து உங்களுதுதானம்மா?"

"எனுதுதாங்க."

"அப்ப எழுதிக் குடுத்தது பொய்யா? இப்ப சொல்றது பொய்யா? எத நாங்க எடுத்துக்கறது?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெம்பம்மா மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"எங்க தெருவுல சாப்புட்டவங்களுக்கு மட்டுந்தான் நெசத்த சொல்லுவோங்க. இந்த ஊருல அது எல்லாருக்கும் தெரியும். கெழக்க இருக்கறவங்களுக்கும் தெரியும். இந்தத் தம்பி அன்னிக்கு எங்கூட்டுல சாப்புட்டாரு. சாப்புட்டப்பறம் நெசத்த சொன்னேன். வேற ஒண்ணும் வேணாம். மாதேசு, நீ எங்கூட்டுல சாப்புட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அதிகாரிகளுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. ஊருக்குப் புரிந்தது. சாப்பிட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டுப்பட்டிக் கதை பொய் என்று தெரிந்தே கொடுத்தான் என்பது வெளிப்பட்டுவிடும். அதைவிட, கிருஷ்ணப்பனின் மகன் அந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதும் வெளிப்பட்டுவிடும். கிருஷ்ணப்பன் நாற்காலியில் முழுதாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

மாதேஸ்வரன் கோப்பைப் பார்த்தபடி சொன்னான். "இல்லீங்க. நான் அங்க சாப்புடல."

"மாதேசு," என்றாள் கெம்பம்மா.

"தண்ணிகூடக் குடிக்கல சார். வாசல்லயே நின்னு எழுதிக்கிட்டு வந்துட்டேன்."

கிருஷ்ணப்பனின் தோள்கள் இறங்கின. அவர் மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"ரெண்டு உருண்ட தின்னாண்டா!" என்று பின்னாலிருந்து கங்கப்பன் கத்தினான். "எம்பக்கத்துல உக்காந்து தின்னான்!" கணவன் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி சொன்னார். "அடுத்தவங்க வாங்க."

கெம்பம்மா மைக்கை விடவில்லை. யாரென்று தெரியாத நூறு பேருக்கு முன்னால், தன் வீட்டுப் பானையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களுக்கு முன்னால், உள்கதையைச் சொன்னாள். நெருப்பு மழை, குழந்தைகள், வெளியே நின்றவர்கள், கை விடும் துளை. "நடு ஊட்டுக்கிட்ட எம்பொண்ணு இருக்குது. நெசமா பொய்யான்னு வந்து பாத்துக்குங்க" என்று முடித்தாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

தெருவுக்குத் திரும்பியதும் கங்கப்பனின் அக்கா வெள்ளையம்மா வாசலில் மறித்தாள்.

"சோறு போடாமயே சொல்லிட்டியேடி கெம்பி."

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க அண்ணி?"

"அவனுக்குச் சோறு போட்டுச் சொன்ன பாரு, அதுக்கு இதுவே மேலு," என்றாள் வெள்ளையம்மா. அது ஆறுதலா திட்டா என்று கெம்பம்மாவுக்குத் தெரியவில்லை. வெள்ளையம்மா அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

அன்று மாலை கெம்பம்மா பூப்பெட்டியைத் திறந்து இருபத்து மூன்றாவது அட்டையை எடுத்தாள். கங்கப்பன், "கிழிச்சு அடுப்புல போடு" என்றான். அவள் கிழிக்கவில்லை. சொன்னவர் சொன்னதுதான், அதை அழிக்க அவளுக்கு உரிமை இல்லை. அட்டையைத் திருப்பி, அதே பெரிய எழுத்தில், "நான் அங்கே சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்று எழுதினாள். சொன்னவர் மாதேஸ்வரன். ஊர். தேதி. பெட்டியில் வைத்தாள்.

தொல்லியல் துறை ஆய்வு செய்யும்வரை கரட்டின் உச்சியைத் தொடக் கூடாது என்றும், அடிவாரத்தில் வேலை தொடங்கலாம் என்றும் உத்தரவு வந்தது. ஆய்வுக்கு யாரும் வரவில்லை. அடிவாரத்தில் மட்டும் நாள்தோறும் மத்தியானம் வெடி வைத்தார்கள். கெம்பம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போனாள். நடு வீட்டின் மூடுகல்லுக்கும் தெற்குப் பலகைக்கும் நடுவே முன்பு விரல் நுழையாது. நவம்பரில் ஒரு விரல் நுழைந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட அளவுத் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து அளந்தாள். இருபத்தொரு மில்லிமீட்டர். பிப்ரவரியில், காதலர் தினத்துக்குப் பூ அனுப்பும் அவசரத்தில் நான்கு வாரம் போக முடியவில்லை. அப்புறம் போனபோது முப்பத்து நான்கு. துளைக்குள் கை விட்டபோது உள்ளே வெடித்தூள் ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தது. எடுத்த கையைச் சேலையில் துடைக்க மனம் வராமல் அப்படியே இறங்கி வந்தாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாதேஸ்வரன் வந்தான். இந்தத் தடவை அடையாள அட்டை இல்லை. வாசலுக்கு வெளியே, முருங்கைமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். கெம்பம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கெம்பக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி துணியைக் கல்லில் அடித்தாள்.

"நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. லெட்டர் வந்துருச்சு. உள்ளூர் ஆளுன்னு என்னையும் லிஸ்ட்டுல போட்டிருக்காங்க."

"சரிங்க சார்."

அந்த வார்த்தையில் அவன் முகம் மாறியது. "அன்னிக்கு எங்கப்பா இருந்தாரு. சொந்தக்காரங்க அத்தன பேரும் இருந்தாங்க. நான் என்னா பண்ண முடியும் சொல்லுங்க? ரெண்டு கதையையும் எழுதித்தான் குடுத்தேன். ஆபீஸ்லதான் ஒண்ண வெட்டிட்டாங்க."

அவள் துணியைப் பிழிந்தாள். இரண்டு கதையையும் எழுதியிருந்தால் இரண்டாவது படிவம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதில் அவளுடைய கையெழுத்து வேண்டும். அவள் போட்டது ஒரே கையெழுத்து.

"எனக்கு இன்னொரு தடவ முழுசாச் சொல்லுங்கக்கா," என்றான். "மண்டபத்துல சீக்கிரமா முடிச்சிட்டீங்க. மொத நாளு சொன்ன மாதிரி சொல்லுங்க. இந்தத் தடவ சரியா எழுதறேன். உங்க பேரோட பத்திரிகையில வரும். நாளைக்கு அவங்க கேட்டா, அந்த ஃபாரம் தப்பா நெரம்பிப்போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. எதப் பத்தி வேணும்னாலும் என்னைக் கேளுங்க. ஆனா, அந்த மோரியர் வீடு..."

"அதுங்களா?" என்றாள் கெம்பம்மா. வாசலில் வந்து நிற்கும் எந்த வெளியாளிடமும் பேசும் அதே மரியாதையான குரல். "அது ஆட்டுப்பட்டிங்க சார். எங்க தாத்தன் கட்டுனது. உள்ள ஒண்ணுமில்லீங்க."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். வீட்டுக்குள் கங்கப்பன் இருமினான். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் வண்டியைத் திருப்பும்போது அவள்தான் கேட்டாள். "நாளைக்கு எத்தன பேருங்க சார் வர்றாங்க?"

"என்னையும் சேத்து ஆறு பேரு."

"சரிங்க சார்."

துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ராகி மாவு டப்பாவை எடுத்து, தட்டை எதிரே வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் என்று அளந்து கொட்டினாள். ஐந்து டம்ளர். டப்பாவை மூடிவைத்தாள். பிறகு மாவை மறுபடி டம்ளரில் எடுத்து ஒருமுறை சரிபார்த்தாள். ஐந்துதான்.